லாப்பு-லாப்பு சிலை யாருக்காக, எதற்காக?

பிலிப்பைன்ஸின் செபு நகரை ஒட்டிய மக்டான் தீவில், கையில் வாளும் கேடயமுமாக ஓர் உயரமான வெண்கலச் சிலை நிற்கிறது. அவர்தான் லாப்பு-லாப்பு, அந்தத் தீவின் தலைவர்களில் ஒருவர். ஸ்பெயின் மன்னருக்குப் பணிய மறுத்தார். அதனால் படையோடு வந்த மெகல்லன் (ஸ்பெயினுக்காகக் கப்பல் பயணத்தை நடத்திய போர்ச்சுக்கீசிய மாலுமி), 1521 ஏப்ரல் 27 அன்று அங்கேயே கொல்லப்பட்டார்.

சரி, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எப்படித் தோற்றார்கள்? கரையோரம் பாறையும் ஆழமற்ற நீரும். படகுகள் தூரத்திலேயே நின்றுவிட, வீரர்கள் தொடையளவுத் தண்ணீரில் நடந்து வந்தார்கள். மழைநாளில் நனைந்த ஜீன்ஸோடு தெருவெள்ளத்தில் நடந்தவர்களுக்கு அந்த அவஸ்தை புரியும். மெகல்லனின் வீரர்களுக்கு இரும்புக் கவசம் வேறு. கால்களில் மட்டும் கவசம் இல்லை. தீவினர் அங்கேயே குறிவைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சிலை நிற்கும் அதே பூங்காவில் மெகல்லனுக்கும் ஸ்பானியர் 1866இல் எழுப்பிய நினைவுத்தூண் உண்டு. ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே வளாகத்தில்!

அப்புறம், மெகல்லனை லாப்பு-லாப்பு தன் கையாலேயே வெட்டினார் என்று பலர் நினைக்கிறார்கள். மெகல்லனோடு பயணித்து, நடந்ததை எழுதிவைத்த இத்தாலியர் பிகாஃபெட்டாவின் குறிப்பில், பலர் சேர்ந்து தாக்கியதாகத்தான் இருக்கிறது.