ஒரு கேபி கோப்பு, 3 ஜிபி நினைவகம்

கேள்வி: வாடிக்கையாளர்கள் அனுப்பும் எக்ஸ்எம்எல் (தரவை எழுத்தாக எழுதிவைக்கும் ஒரு வடிவம்) கோப்புகளைப் படிக்கும் எங்கள் சர்வர் போன வாரம் இரண்டு முறை படுத்துவிட்டது. 5 எம்பிக்கு மேல் எதையும் வாங்குவதில்லை, பிரச்சினை செய்த கோப்போ 1 கேபி கூட இல்லை. இது எப்படி? ஜேசன் என்ற இன்னொரு தரவு வடிவத்துக்கு மாறிவிட்டால் சரியாகுமா? தகவல் எதுவும் திருடு போகவில்லையே, அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார் மேலாளர்.

பதில்: அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். மேலே என்டிட்டி என்று தொடங்கும் வரிகள் அடுக்கடுக்காக இருந்தால், இது 'பில்லியன் லாஃப்ஸ்' என்ற பழைய தாக்குதல்தான். எக்ஸ்எம்எல்லில் ஒரு சொல்லுக்குச் சுருக்கப்பெயர் வைத்துக்கொள்ளலாம் இல்லையா, அதுதான் என்டிட்டி; முதல் பெயருக்கு 'லோல்' என்று மூன்றெழுத்து, அடுத்த பெயர் முதலாவதைப் பத்து முறை கூப்பிடும், அதற்கடுத்தது இதைப் பத்து முறை கூப்பிடும், இப்படி ஒன்பது அடுக்கு ஏறினால் 100 கோடி 'லோல்', அதாவது சுமார் 3 ஜிபி. உங்கள் 5 எம்பி வரம்பு வாசலில் நிற்கிறது, வீக்கமோ வீட்டுக்குள் நடக்கிறது.

எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் எக்ஸ்பாட் லைப்ரரி 2021-இல் வந்த 2.4.0 பதிப்பிலிருந்து இதைத் தானே கவனிக்கிறது: விரிந்த அளவு 8 எம்பியைத் தாண்டி, உள்ளே வந்ததைப் போல 100 மடங்குக்கும் மேல் போனால் நிறுத்திவிடும். உங்களிடம் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று இன்றே பாருங்கள். ஆனால் என் யோசனை அதைவிட எளிது, டிடிடி (என்டிட்டிகளை அறிவிக்கும் மேல்பகுதி) இருக்கிற கோப்பையே வாங்காதீர்கள். வெறும் தரவு பரிமாற்றத்துக்கு அது தேவைப்படுவது மிக அரிது.

சரி, ஜேசன். அதில் என்டிட்டி கிடையாது, உண்மைதான். ஆனால் திறக்கும் சதுர அடைப்புக்குறியை மட்டும் லட்சம் முறை எழுதி அனுப்பினால், ஒவ்வொரு அடுக்குக்கும் தன்னையே மறுபடி அழைக்கும் பார்சரில் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரலில்) ஸ்டாக், அதாவது அழைப்புகளைக் குறித்துவைக்கும் நினைவகம், நிரம்பி புரோகிராம் விழுந்துவிடும். ஜாவாவின் ஜாக்சன் லைப்ரரியே 2023-இல் வந்த 2.15 பதிப்பில்தான் 1000 அடுக்கு என்று வரம்பு போட்டது. அதனால் வடிவத்தை மாற்றிப் பயனில்லை, ஆழம், விரிந்த அளவு, நேரம் மூன்றுக்கும் வரம்பு வேண்டும்.

மேலாளரிடம் 2022 மார்ச்சில், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் வெளியான குறையைச் சொல்லுங்கள். நீள்வட்ட வளைவு என்ற மறையாக்கக் கணக்கின் அளவுருக்கள் தவறாக உள்ள ஒரு சான்றிதழைக் (அடையாளத்தைக் காட்டும் டிஜிட்டல் ஆவணம்) கொடுத்தால் போதும், அதைப் படிக்கும் கணக்கு முடிவில்லாமல் சுற்றும். சான்றிதழின் கையெழுத்தைச் சரிபார்க்கும் முன்பே இது நடக்கும் என்பதால் யாருடைய அங்கீகாரமும் இல்லாமல் எவரும் செய்யலாம். தகவல் எதுவும் கசியாத குறைதான், ஆனாலும் ஓபன்எஸ்எஸ்எல் குழு அதற்கு 'உயர்' தீவிரம் கொடுத்தது.

உங்கள் கோப்பும் அப்படித்தான், அனுப்பியவர் எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம். திருத்தம் முடியும்வரை எக்ஸ்எம்எல் படிக்கும் வேலையைத் தனி புராசஸாகப் பிரித்து அதற்கு 500 எம்பி நினைவகம், பத்து நொடி நேரம் என்று கட்டிவையுங்கள். விழுந்தால் அது மட்டும் விழும், மற்ற வாடிக்கையாளர்களின் வேலை நிற்காது.