பிறப்புச் சான்றிதழில் விடுபட்ட தந்தை பெயரைச் சேர்ப்பது எப்படி?

திருமணத்திற்கு முன் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயரைச் சேர்த்து, தலைப்பெழுத்தையும் மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். என் மகளுக்காக இதே வேலையைச் செய்து முடித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது அம்பாசமுத்திரம். நானும் அவள் தாயும் மணம் செய்துகொள்வதற்கு ஓராண்டு முன்பு மகள் பிறந்தது பாளையங்கோட்டையில். முதலில் அம்பாசமுத்திரத்திலேயே விண்ணப்பிக்கப் போய் ஒரு நாளை இழந்தேன். பிறப்பு நிகழ்ந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவேடு இருக்கும்; திருத்தமும் அங்கேதான்.

தந்தை பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கிறதா, வேறொருவர் பெயர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தாய் ஒருவருக்கு மனைவியாக இருந்த காலத்திலோ, அந்த மணம் முறிந்து அவர் மறுமணம் செய்யாதிருந்த 280 நாள்களுக்குள்ளோ பிறந்த குழந்தையை அந்தக் கணவரின் குழந்தையாகவே சட்டம் கொள்ளும். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு சொன்னதை, இப்போது அதற்குப் பதிலாக வந்துள்ள 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவு சொல்கிறது. கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலன்றி அது மாறாது.

எங்களுடையது வெறுமையான இடம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969, பிரிவு 15 பதிவாளருக்குத் திருத்தும் அதிகாரம் தருகிறது என்றாலும், இருவரின் உறுதிமொழிப் பத்திரம் போதாது, நீதிமன்ற ஆணை வேண்டும் என்றார்கள். அன்று மனம் வருந்தினேன். யார் வந்து சொன்னாலும் பெயரை எழுதிவிட்டால் குழந்தைக்கே தீங்கு என்பது பின்னர் புரிந்தது. மணவாழ்வுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு, 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி தாயே முதல் காப்பாளர். ஆகவே மகள் சார்பில் அவள் தாய் வாதியானார், நான் பிரதிவாதியாக நின்று தந்தைமையை ஒப்புக்கொண்டேன். மரபணுச் சோதனை கேட்கப்படவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு வழக்கமான நடைமுறையாக உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே கூறியிருக்கிறது.

தீர்ப்பின் சான்றிட்ட நகல், பழைய சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பித்தோம். பழைய பதிவை அழிப்பதில்லை. ஓரத்தில் திருத்தம் எழுதி, கையொப்பமும் தேதியும் இடுகிறார்கள்.

தலைப்பெழுத்து தனிக் கேள்வி. மணமாகாத தாய் உறுதிமொழி அளித்தாலே பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. தாயின் எழுத்தோடு வளர்வது எந்தக் குறையும் அன்று. எங்கள் மகள் அம்மாவின் எழுத்தை விட மாட்டேன் என்றாள். ஆறு வயதுக் குழந்தையின் அந்தச் சொல்லை நாங்கள் மதித்தோம். இப்போது அவள் பெயருக்கு முன் இருவர் எழுத்தும் இருக்கின்றன. நீங்கள் எதை முடிவு செய்தாலும், சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் ஒரே வடிவமாக, பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திற்குப் போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.