நுகர்வோர் புகாரை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பிவிட்ட உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியுமா?

முடியும். வக்கீல் வைத்துக்கொள்ளாமல் நானே செய்தேன். "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன செய்வது" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பது கேள்வியைப் படித்தாலே தெரிகிறது. என்னிடமும் அதையேதான் சொன்னார்கள், என் கணவர் உட்பட.

வழக்கு வீடு பற்றியதா, கார் பற்றியதா என்று நீங்கள் எழுதவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தீர்கள், அங்கிருந்து ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே தகராறை விசாரித்துத் தீர்க்கும் தனி நடுவரிடம், போகச் சொல்லி உத்தரவு வந்தது என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

என்னுடையது மாடுலர் கிச்சன். கொளத்தூர் வீட்டுச் சமையலறைக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் கொடுத்தோம். முதல் மழைக்காலத்திலேயே சிங்க்குக்குக் கீழே இருந்த கதவுகள் ஊறிப் புடைத்தன. லேமினேட் உரிந்தபோது, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாத பிளைவுட் என்று சொல்லி விற்ற இடத்தில், மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு இருந்தது. நகத்தால் சுரண்டினால் ஈர மாவாக உதிர்ந்தது. நிறுவனத்தின் பெயரை எழுத மாட்டேன். ஐந்து லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது என்பதால் துணிந்து தாக்கல் செய்தேன்.

அவர்கள் பதிலுரை போடவில்லை. 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 8-ஆம் பிரிவில், வழக்கை நடுவரிடம் அனுப்பச் சொல்லி ஒரு மனு மட்டும் போட்டார்கள். ஒப்பந்தத்தின் கடைசித் தாளில், நிறப் பட்டியலுக்கும் பின்னால், பொடி எழுத்தில் ஒரு பத்தி: எந்தத் தகராறு வந்தாலும் நிறுவனம் நியமிக்கும் ஒரே நடுவர் தில்லிக்குப் பக்கத்தில் உள்ள குருகிராமில் விசாரிப்பார். கொளத்தூரில் ஊறிப்போன கதவுக்குக் குருகிராமில் விசாரணை! அவர்களுடைய வக்கீல் அந்தப் பத்தியை மஞ்சள் மையால் கோடிட்டு நீட்டினார். மனு ஏற்கப்பட்டு, என் புகார் முடித்துவைக்கப்பட்டது.

      

மேல்முறையீட்டுக்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி மாநில ஆணையத்திடம் போக வேண்டும். கெடு 45 நாள். உத்தரவின் தேதியிலிருந்து என்று சட்டம் சொல்கிறது, அந்தத் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பாதித் தொகையைக் கட்டினால்தான் மேல்முறையீடு என்று யாராவது பயமுறுத்தினால், அது பணம் கொடுக்கும்படி உத்தரவிடப்பட்டவர்களுக்கான நிபந்தனை, உங்களுக்கு அல்ல.

மனுவில் கதவு ஊறிய கதையை நீட்டாதீர்கள். அங்கே கேள்வி ஒன்றுதான்: எங்கே போவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை யாருடையது? நுகர்வோர் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, இந்தச் சட்டம் மற்றச் சட்டங்களோடு கூடுதலாக நிற்பது, அவற்றைக் குறைப்பதற்கல்ல என்கிறது; அதாவது ஆர்பிட்ரேஷன் வழி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் வழி மூடிவிடாது. பழைய 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் இதுவே 3-ஆம் பிரிவு. 2015-இல் ஆர்பிட்ரேஷன் சட்டத்தைத் திருத்தியபின் நிலைமை மாறிவிட்டது, நுகர்வோரையும் நடுவரிடம் அனுப்பியே ஆக வேண்டும் என்று கட்டுமான நிறுவனங்கள் வாதாடிப் பார்த்தன. எமார் எம்ஜிஎஃப் – அஃப்தாப் சிங் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2023 அக்டோபரில் ஹேமலதா தேவி – உதயஸ்ரீ வழக்கில், நுகர்வோர் தானாக விரும்பினாலொழிய அவரை ஆர்பிட்ரேஷனுக்குத் தள்ள முடியாது என்று இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் அச்செடுத்து இணைத்தேன். "படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று மாநில ஆணையத்தில் கேட்டார்கள். "ஆமாம் ஐயா. அந்தப் பத்தி இருப்பதை நான் மறுக்கவில்லை. அது இருந்தாலும் இங்கே வரும் உரிமை எனக்கு உண்டு என்கிறேன்" என்றேன். உத்தரவு ரத்தானது, புகார் மீண்டும் விசாரணைக்குத் திரும்பியது. அன்று எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன்.

முக்கியமான ஒன்று. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது நடுவரிடமிருந்து கடிதம் வந்தால், அங்கே உங்கள் கோரிக்கையைத் தாக்கல் செய்துவிடாதீர்கள். ஆட்சேபணையை மட்டும் எழுத்தில் அனுப்புங்கள். ஆர்பிட்ரேஷனை முதலில் தானே தேர்ந்தெடுத்தவர் பிறகு நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்று 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

"வக்கீல் அல்லாதவர் சட்டம் சொல்லலாமா" என்று கேட்க வருபவர்களுக்கு: நான் வக்கீல் அல்ல, என் வழக்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஆர்பிட்ரேஷனே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. இரண்டு நிறுவனங்கள் சரிசமமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டால் அது அவர்கள் பாடு.

உங்கள் உத்தரவு நுகர்வோர் ஆணையத்திலிருந்து அல்லாமல் சிவில் நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தால் மேலே சொன்ன வழி பொருந்தாது. ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, அனுப்ப மறுக்கும் உத்தரவுக்குத்தான் மேல்முறையீடு தருகிறது. அனுப்பும் உத்தரவுக்குத் தரவில்லை. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. அந்த நிலையில் அரசியலமைப்பின் 227-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும், அதற்கு நிச்சயம் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மன்றம், உத்தரவின் தேதி என்ன என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் தாக்கல் செய்த மனுவின் மாதிரியைத் தருகிறேன்.