மனைவி மதுரையில், வரிக் கணக்கு அமெரிக்காவில்

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன், நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். 2025 நவம்பரில் மதுரையில் எனக்குத் திருமணம் நடந்தது. மனைவிக்காக ஐ-130 என்ற குடியேற்ற மனு போட்டிருக்கிறேன். விசா இன்னும் வரவில்லை. அவர் மதுரையில் ஒரு கல்லூரியில் ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் சம்பளத்தில் பணியாற்றுகிறார். எனக்கு ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். இதுவரை அமெரிக்காவுக்கே வராத ஒருவரைச் சேர்த்துக்கொண்டு கூட்டாக வரிக் கணக்குத் தாக்கல் செய்ய முடியுமா? 'விசா வரும்வரை சிங்கிள் என்றே போடு' என்கிறார்கள் நண்பர்கள்.
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: முடியும். மனைவி அமெரிக்காவில் இருக்க வேண்டும் என்றோ, குடியேற்ற மனு அதற்குள் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றோ வரிச் சட்டம் கேட்பதில்லை. டிசம்பர் 31 அன்று நீங்கள் மணமானவரா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. மதுரையில் சட்டப்படி நடந்த திருமணம் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.சுக்கும் திருமணம்தான். ஆகவே, நண்பர்கள் சொல்லும் 'சிங்கிள்' என்ற நிலை 2025ஆம் ஆண்டுக் கணக்கில் உங்களுக்கு இல்லை. குடியேற்றத் துறையிடம் 'இவர் என் மனைவி' என்று மனு கொடுத்துவிட்டு, வரித் துறையிடம் 'எனக்கு மணமாகவில்லை' என்று கையெழுத்திட்டால், அந்த இரண்டு தாள்களும் பின்னொரு நாள் ஒரே அதிகாரியின் மேசையில் சேர்ந்து கிடக்கும்.

'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு' (குடும்பத் தலைவர்) என்ற இன்னொரு நிலையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் மனைவியைக் காட்டி அந்தச் சலுகையைப் பெற முடியாது. அதற்குச் சட்டம் ஏற்கும் குழந்தையோ வேறு உறவினரோ உங்களைச் சார்ந்திருக்க வேண்டும். ஊரில் இருக்கும் இந்தியக் குடிமக்களான பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினாலும் அவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

எஞ்சியிருப்பவை இரண்டே வழிகள்: மணமானவராகத் தனியே தாக்கல் செய்வது, அல்லது கூட்டாகத் தாக்கல் செய்வது. முதல் வழியில் மனைவியின் இந்தியச் சம்பளத்தை அமெரிக்கா கண்டுகொள்ளாது. இரண்டாவது வழிக்கு அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 6013(ஜி) பிரிவு இடம் தருகிறது. அதன்படி, வெளிநாட்டில் வாழும் மனைவியை அந்த ஆண்டு முழுவதும் அமெரிக்காவில் வசித்தவராகவே வரிக் கணக்கில் வைத்துக்கொள்ளுமாறு நீங்கள் இருவரும் சேர்ந்து கேட்கிறீர்கள். அப்படிக் கேட்டவுடன் அவருடைய உலகளாவிய வருமானம் முழுவதும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: திருமணம் நவம்பரில் நடந்திருந்தாலும், அவர் ஜனவரி முதல் வாங்கிய சம்பளம் முழுவதையும் காட்டியாக வேண்டும்.

உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். 2025ஆம் ஆண்டுக்கு, தனியே தாக்கல் செய்பவருக்கு நிலையான கழிவு 15,750 டாலர். கூட்டாகச் செய்வோருக்கு 31,500 டாலர். தனியே செய்தால் 74,250 டாலருக்கு வரி கட்ட வேண்டும். கூட்டாட்சி வரி ஏறக்குறைய 11,250 டாலர் ஆகும், அதில் ஒரு பகுதி 22 சதவீத அடுக்கில் விழும். கூட்டாகச் செய்தால் மனைவியின் 7 லட்சம் ரூபாய், அதாவது சுமார் 8,000 டாலர், சேர்ந்து மொத்த வருமானம் 98,000 ஆகும். கழிவு போக 66,500 டாலருக்கு வரி சுமார் 7,500 டாலர்தான். 12 சதவீத அடுக்கைத் தாண்டவே இல்லை. மிச்சம் 3,700 டாலருக்கு மேல். மாநில வரியை இதில் நான் சேர்க்கவில்லை.

'இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாமே' என்று நீங்கள் கேட்கக்கூடும். 1116ஆம் படிவத்தின் மூலம் வெளிநாட்டு வரிக்கான வரவு கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் இந்தியாவின் புதிய வரி முறையில் 7 லட்சம் ரூபாய்ச் சம்பளத்துக்கு வரியே இல்லை. கட்டாத வரிக்கு வரவு ஏது? இந்தியா விட்டுக்கொடுத்த வரியில் ஒரு பங்கை அமெரிக்கா வாங்கிக்கொள்கிறது. உங்கள் மனைவியின் சம்பளத்துக்கு அது ஏறக்குறைய 960 டாலர். மேலே சொன்ன மிச்சம் அதையும் கழித்த பிறகு நிற்பது. மனைவியின் சம்பளம் 7 லட்சத்துக்குப் பதில் 40 லட்சமாக இருந்தாலோ, அந்த ஆண்டில் பூர்வீக நிலம் ஒன்றை அவர் விற்றிருந்தாலோ, கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

நடைமுறைக்கு வருவோம். கூட்டுக் கணக்குடன் ஓர் அறிக்கையை இணைக்க வேண்டும். ஆண்டின் கடைசி நாளில் ஒருவர் அமெரிக்கக் குடிமகன், மற்றவர் அங்கு வசிக்காத வெளிநாட்டவர் என்றும், ஆண்டு முழுவதும் அமெரிக்காவில் வசிப்பவர்களாகக் கருதப்பட இருவரும் தேர்ந்தெடுக்கிறோம் என்றும் அதில் எழுதி, இருவரின் பெயர், முகவரி, அடையாள எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். சிக்கல் அந்த அடையாள எண்ணில்தான் இருக்கிறது. மனைவிக்கு இன்னும் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது என்பதால், டபிள்யூ-7 படிவத்தைக் கணக்குடன் இணைத்து ஐ.டி.ஐ.என். என்ற வரி அடையாள எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அத்துடன் அசல் பாஸ்போர்ட்டையோ, அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகலையோ அனுப்ப வேண்டும். அசல் பாஸ்போர்ட் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் உள்ள ஐ.ஆர்.எஸ். அலுவலகத்தில் வாரக்கணக்கில் கிடக்கும்போது மும்பையில் விசா நேர்காணலுக்குத் தேதி வந்துவிட்டால், உங்கள் மனைவி எதைக் கொண்டுபோய் நீட்டுவார்? தயவுசெய்து அசலை அனுப்பாதீர்கள். ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த ஏற்பு முகவர்கள் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கட்டணம் வாங்கினாலும் அதுவே பாதுகாப்பான வழி. நாடுவாரியான முகவர் பட்டியல் ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் இருக்கிறது.

விசா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எனக்குப் பிடித்த வழி வேறு. ஏப்ரல் 15க்குள் 4868ஆம் படிவத்தைக் கொடுத்து அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கிக்கொள்ளுங்கள். வரியை மட்டும் ஏப்ரலிலேயே உத்தேசமாகக் கட்டிவிட வேண்டும். அவகாசம் தாளுக்குத்தான், பணத்துக்கு அல்ல. குடியேற்ற விசாவுக்கான டிஎஸ்-260 படிவத்திலேயே சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும் என்று குறிப்பிடலாம். அவர் வந்திறங்கிய பின் அட்டை வீட்டு முகவரிக்குத் தபாலில் வரும். அந்த எண்ணைக் கொண்டு தாக்கல் செய்தால் டபிள்யூ-7 தொல்லையே இருக்காது. அக்டோபருக்குள்ளும் விசா வராவிட்டால், மனைவியின் எண் கேட்கும் இடத்தில் 'என்ஆர்ஏ' (அங்கு வசிக்காத வெளிநாட்டவர்) என்று எழுதி மணமானவராகத் தனியே தாக்கல் செய்துவிட்டு, பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் 1040-எக்ஸ் திருத்தக் கணக்கின் மூலம் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். கூட்டாகச் செய்ததைத் தனிக் கணக்காக மாற்றுவதோ, கெடு நாள் கடந்த பிறகு முடியாது. ஐயம் இருந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு இந்த ஒரு விதியே போதும்.

இந்தத் தேர்வை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. நீங்களாக ரத்து செய்யும்வரை தொடரும். ரத்து செய்துவிட்டால் உங்கள் இருவரில் எவரும் மறுபடி அதைக் கேட்க முடியாது.

கேள்வி: கணவர் அமெரிக்காவில் இருக்கிறார், கூட்டு வரிக் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்லித் தாள்களை அனுப்பியிருக்கிறார். நான் விசாவுக்காகக் காத்திருக்கிறேன். என் பெயரில் வங்கி வைப்பு, பி.பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்டு, லாக்கரில் நகை எல்லாம் இருக்கின்றன. இவற்றையும் சொல்ல வேண்டுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நகையைப் பற்றிக் கவலை வேண்டாம். லாக்கரில் நீங்களே வைத்திருக்கும் தங்கம் வெளிநாட்டு நிதிச் சொத்தாகக் கருதப்படுவதில்லை. விற்று லாபம் பார்த்தால் மட்டும் அந்த லாபம் வருமானம்.

மற்றவை அப்படி அல்ல. வைப்பு நிதியின் வட்டி மட்டுமல்லாமல், இந்தியாவில் வரி விலக்குப் பெற்ற பி.பி.எஃப். வட்டியும் அமெரிக்கக் கணக்கில் வருமானம்தான். சொத்துகளின் மொத்த மதிப்பு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், வெளிநாட்டு நிதிச் சொத்துகளை அறிவிக்கும் 8938ஆம் படிவமும் தேவைப்படும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளுக்கான 'எஃப்பார்' அறிக்கை தனி. கூட்டு வரிக் கணக்குக்குச் சம்மதித்ததால் மட்டும் நீங்கள் அதைத் தர வேண்டியதில்லை. ஆனால் கணவர் பெயரும் உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்திருந்து, அவருடைய வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், அவர் கொடுத்தே ஆக வேண்டும்.

உண்மையான தலைவலி மியூச்சுவல் ஃபண்டுதான். இந்திய ஃபண்டுகளை அமெரிக்கச் சட்டம் தனி இனமாக வகைப்படுத்தி, 8621 என்ற படிவத்தையும் கடுமையான வரிக் கணக்கீட்டையும் வைத்திருக்கிறது. மாதந்தோறும் எஸ்.ஐ.பி. போட்டுவரும் ஒருவருக்கு, அந்தப் படிவத்தை நிரப்ப ஆகும் கணக்காளர் கட்டணமே கூட்டுக் கணக்கால் வரும் மிச்சத்தை விழுங்கிவிடக்கூடும். ஃபண்டில் உங்களுக்குப் பெரிய தொகை இருக்குமானால், விசா வரும்வரை கணவர் தனியே தாக்கல் செய்வதே மேல் என்பது என் கருத்து. கிரீன் கார்டுடன் போய் இறங்கும் நாள் முதல் அந்த விதிகள் எப்படியும் உங்களைப் பிடிக்கும் என்பதால், எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கூட்டுக் கணக்கில் கையெழுத்திட்டால் அதில் உள்ள வரி முழுவதற்கும் இருவருமே பொறுப்பு. கணவரின் வருமானத்தில் ஏதேனும் விடுபட்டிருந்தால், அந்தப் பாக்கியை உங்களிடமும் கேட்கலாம். ஆகவே கையெழுத்துப் பக்கத்தை மட்டும் அனுப்பச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முழுக் கணக்கையும் வாங்கிப் படித்த பிறகே பேனாவை எடுங்கள்.

கேள்வி: கணவன் மனைவி தனித்தனியே கணக்குக் கொடுத்தால், திருமணமே போலி என்று விசா அதிகாரி சந்தேகப்படுவாரா?
– ஒரு வாசகர், டொராண்டோ (தங்கை கணவர் அமெரிக்கக் குடிமகன்)

பதில்: மணமானவராகத் தனியே தாக்கல் செய்வது சட்டம் தரும் வழி, அதற்காக மட்டும் விசாவை மறுக்க மாட்டார்கள். கூட்டுக் கணக்கு நல்ல சான்றுதான், ஆனால் அதன் பயன் பின்னால்தான் அதிகம். திருமணமாகி 2 ஆண்டு ஆவதற்குள் குடியேறுபவருக்கு நிபந்தனையுடன் கூடிய கிரீன் கார்டே கிடைக்கும்; அந்த நிபந்தனையை நீக்க ஐ-751 மனு போடும்போது கூட்டு வரிக் கணக்குகளுக்கு நல்ல மதிப்பு உண்டு. இப்போதைய கட்டத்தில் வருமானம் தொடர்பாக அதிகாரி பார்ப்பது ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியையும், உங்கள் மைத்துனரின் வருமானம் வறுமைக் கோட்டு அளவின் 125 சதவீதத்தை எட்டுகிறதா என்பதையும்தான். கூட்டுக் கணக்கைக் கொடுத்திருந்தால், அதில் அவருடைய வருமானம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்றுப் படிவங்களையும் சேர்த்து இணைக்கச் சொல்லுங்கள்.