பக்கத்து வீட்டில் பழைய கன்னடப் படம்: போகலாமா?

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து இரண்டு மாதம் ஆகிறது, அருகில் தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை, பக்கத்துக் கட்டடத்துக் கன்னடக் குடும்பம் ஞாயிறு மதியம் பழைய படம் பார்க்கக் கூப்பிடுகிறது, ஒரு வார்த்தை கன்னடம் தெரியாமல் அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள் தங்கச்சி. கட்டாயம் போங்கள்.

நான் இங்கே வந்தது 2004 நவம்பரில். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அம்மாவிடம் போனில் பேசி வைத்த பிறகு அந்த வீட்டில் வேறு மனிதக் குரலே கேட்காது. அப்போது என்னைக் கூப்பிட்டவர்கள் கர்நாடகத்தின் சிவமொக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பம். முதல் நாள் போட்ட படம் 1971இல் வந்த 'கஸ்தூரி நிவாச'.

திரையில் கன்னட நடிகர் ராஜ்குமார் வாயசைக்கிறார், கேட்பது பி.பி.ஸ்ரீநிவாஸ் குரல்! 'காலங்களில் அவள் வசந்தம்' கேட்டு வளர்ந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்? பல ஆண்டுகள் ராஜ்குமாரின் பாட்டுக்குரல் அவர்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கொடுத்துக் கொடுத்தே எல்லாவற்றையும் இழக்கிறான் நாயகன். புறா வரும் கடைசிக் காட்சிக்கு முன்பே எனக்குக் கதை புரிந்துவிட்டது. சிவாஜியின் 'அவன்தான் மனிதன்'. உடனே, "இது எங்கள் படமாயிற்றே" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் பேச்சு நின்றுபோனது. தமிழ்ப் படம் வந்தது 1975இல், கன்னடம்தான் முந்தியது. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். ராஜ்குமார் அவர்களுக்கு வெறும் நடிகர் இல்லை, வீட்டுப் பெரியவர் மாதிரி.

மொழியை நினைத்துப் பயப்படாதீர்கள். நம் சொல்லின் முதலில் வரும் 'ப' அங்கே பெரும்பாலும் 'ஹ' ஆகிவிடும். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, போ என்பது ஹோகு. இது பிடிபட்டால் பாதி வசனம் தானாகவே புரியும். மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். எங்கள் டிவிடிகளில் சப்டைட்டில் இருக்காது. அந்த வீட்டு அக்கா என் காதருகே சொல்லிக்கொண்டே வருவார். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் இவ்வளவு நெருக்கமானோம்.

என்னால் மறக்க முடியாதது 'பங்காரத மனுஷ்ய'. 1972இல் வந்தது, சித்தலிங்கய்யா இயக்கியது. நம் நடிகர் முரளியின் அப்பாதான் அவர். கிராமத்துக்குப் போய்த் தரிசு நிலத்தைத் திருத்தி விளைய வைக்கும் ஒருவனின் கதை. பெங்களூரில் ஒரே தியேட்டரில் இரண்டு வருடம் ஓடியதாம். அதைப் பார்த்துவிட்டு நகரத்தை விட்டு விவசாயத்துக்குத் திரும்பிய இளைஞர்கள் உண்டு என்று இன்றும் பேசுகிறார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வயலையும் ஏற்றத்தையும் பார்த்து, அந்த வீட்டு அண்ணா தேம்பி அழுதார். அவர் அப்பா அப்போதும் ஊரில் நெல் போட்டுக்கொண்டிருந்தார். நான் என் தாத்தாவின் வயலை நினைத்தேன். அன்றைக்கு எனக்கு யாரும் எதையும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, கிரீஷ் காசரவள்ளி இயக்கிய 'தபரன கதே'. ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் கடைநிலை ஊழியராக நம் சாருஹாசன் நடித்திருக்கிறார். 1986க்கான தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் அவர்தான், சிறந்த படமும் அதுதான். முதல் வருடம் விசா தாள்களைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நின்றவள் நான். அந்த மனிதர் ஜன்னலுக்கு ஜன்னல் போய் நிற்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் இதைக் கொஞ்சம் பழகிய பிறகு பாருங்கள், வந்த புதிதில் தாங்காது.

பாலு மகேந்திரா முதலில் இயக்கியது கன்னடத்தில்தான், 1977இல் 'கோகிலா'. மணிரத்னமும் அப்படியே, 1983இல் 'பல்லவி அனுபல்லவி', இளையராஜா இசை. பாரதிராஜா உதவி இயக்குநராக இருந்தது கன்னட இயக்குநர் புட்டண்ண கணகாலிடம். இதையெல்லாம் அறிந்த பிறகு, யாரோ வீட்டுப் படம் என்ற எண்ணமே எனக்குப் போய்விட்டது.

அப்புறம், போகும்போது முறுக்கோ தேங்காய்ப் பர்பியோ எடுத்துப் போங்கள். "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பார்கள், சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். ஆயிற்று என்று சொன்னாலும் விட மாட்டார்கள், சித்ரான்னமாவது தட்டில் வந்துவிடும். 'அக்கா' என்று கூப்பிடுங்கள், அவர்களுக்கும் அது அக்காதான்.

எந்தப் படம் வேண்டும் என்று கேட்டால் புட்டண்ணாவின் 'சரபஞ்சர' சொல்லுங்கள், 1971இல் வந்தது. மனநல மருத்துவமனையிலிருந்து குணமாகித் திரும்பும் ஒரு பெண்ணை வீடும் தெருவும் எப்படிப் பார்க்கின்றன என்பதுதான் கதை. அந்தப் பெண்ணாக நடித்த கல்பனாவின் முகத்தைப் பார்த்தாலே போதும். அவர்களிடம் அது இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், என் டிவிடியைத் தபாலில் அனுப்புகிறேன்.