கூடுதல் பலகைகள் வேண்டாம், முடிவுகளைக் குறையுங்கள்

கேள்வி: நான் பேருந்துச் சேவை ஒன்றின் திட்டமிடல் பிரிவில் பணிபுரிகிறேன். சக்கர நாற்காலிக்கான சாய்தளங்களையும் பார்வையற்றோருக்கான ஒலி அறிவிப்புகளையும் அமைத்துவிட்டோம். அடுத்ததாக, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மறதிநோய் ஆகியவை உள்ள பயணிகளுக்காக நிறுத்தங்களில் கூடுதல் தகவல் பலகைகளை வைக்க எண்ணுகிறோம். இது சரியான தொடக்கமா?

பதில்: பலகைகளைச் சற்று ஒத்திவையுங்கள். சாலையின் எந்தப் பக்கம் நிற்பது, வருவது என் பேருந்தா, எவ்வளவு கட்டணம், எங்கே இறங்குவது என்று ஒரு சாதாரணப் பயணத்திலேயே பல முடிவுகள் அடங்கியிருக்கின்றன. பழகியவர்கள் அவற்றை உணர்வதே இல்லை. நினைவாற்றலோ கவனமோ எளிதில் தளர்ந்துவிடும் ஒருவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனித் தடை. புதிய பலகை அவர் படிக்க வேண்டியதைக் கூட்டுமே தவிர, எடுக்க வேண்டிய முடிவுகளைக் குறைக்காது. ஒரே எண்ணின் பின்னால் எழுத்துகளைச் சேர்த்து வெவ்வேறு பாதைகளில் ஓடும் பேருந்துகளைத் தனி எண்களாகப் பிரிப்பதும், ஒரு வழித்தடம் எப்போதும் ஒரே நடைமேடையிலிருந்தே புறப்படுமாறு செய்வதும், சில்லறை எண்ணத் தேவையில்லாத பயண அட்டையை வழங்குவதும் அதைவிடப் பயன் தரும்.

எழுத்தை மட்டுமே நம்பாத அடையாளங்களும் தேவை. 1969இல் தொடங்கிய மெக்சிகோ நகர மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரக் குறியீடு உண்டு. படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் நிலையத்தை அடையாளம் காண அது உதவியது. நீங்களும் அவ்வாறு செய்வதானால், அடுத்தடுத்த நிறுத்தங்களின் சித்திரங்கள் வடிவத்திலேயே வேறுபட வேண்டும். நிறுத்தத்திலும் வரைபடத்திலும் பேருந்துக்குள்ளும் அதே சித்திரம் மாறாமல் இருக்க வேண்டும்.

ஆயினும் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி வழக்கம் குலையும் நாட்களுக்கே செல்ல வேண்டும் என்பது என் கருத்து. இத்தகைய பயணிகளில் பலர், உடன் ஒருவர் வந்து பலமுறை பழக்கிய பிறகே ஒரு பாதையில் தனியாகப் பயணம் செய்யத் தொடங்குகிறார்கள். ஒரு நாள் பேருந்து மாற்றுப்பாதையில் திரும்பினால், மனத்தில் கோத்து வைத்திருந்த வரிசை முழுவதும் அறுந்துபோகிறது. "தவிர்க்க இயலாத காரணங்களால் இச்சேவை தற்காலிகமாக மாற்றியமைக்கப்பட்டுள்ளது" என்ற அறிவிப்பைக் கேட்டு என்ன செய்வது என்று (உண்மையில் யாருக்குத்தான் தெரியும்?) அவருக்குத் தெரியாது. "இங்கே இன்று பேருந்து நிற்காது. எதிரே தெரியும் மஞ்சள் கூரைக்குக் கீழே நில்லுங்கள்" என்று, செய்ய வேண்டியதை முதலில் கூறுங்கள், காரணம் பிறகு வரட்டும். தொலைவையும் திசையையும் விடக் கண்ணுக்குத் தெரியும் அடையாளமே நல்லது. அறிவிப்பைத் திரும்பச் சொல்லும்போது ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். சொற்கள் மாறினால் அது வேறொரு செய்தியாகப் புரிந்துகொள்ளப்படலாம். தற்காலிக நிறுத்தத்திலும் பழைய நிறுத்தத்தின் சித்திரத்தையே மாட்டுங்கள். கைபேசிச் செயலி துணைக்கு இருக்கலாம். ஆனால் மின்கலம் தீர்ந்த கைபேசியுடன் நிற்பவரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களிலும் வசதிகளிலும் எளிதில் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க அறிவிப்புகளோடு நேரடி மனித உதவியையும் வலியுறுத்துகிறது. ஆகவே ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் பயிற்சி அளியுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, விடைக்காகக் காத்திருத்தல், உடன் வந்தவரிடம் அல்லாமல் பயணியிடமே பேசுதல். 2016இல் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் அறிமுகமான, சூரியகாந்திப் பூப் படம் பொறித்த கழுத்துப்பட்டை (கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நாடா), வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் கண்டுகொள்ள உதவுகிறது. எனினும் அதை அணிவது பயணியின் விருப்பம், அணியாதவருக்கு உதவி மறுக்கப்படக் கூடாது.

தொடக்கம் குறித்துக் கேட்டீர்கள். ஒரே ஒரு வழித்தடத்தைத் தேர்ந்தெடுத்து, இக்குறைபாடுகள் உள்ள ஐந்தாறு பேரோடு, அவர்கள் முன்னே செல்ல நீங்கள் பின்தொடருமாறு, பயணம் செய்யுங்கள். பாதுகாப்புக்கு இடையூறு நேர்ந்தாலன்றிக் குறிப்புக் கொடுக்காதீர்கள். எங்கே தயங்கி நின்றார்கள், யாரைப் பார்த்தார்கள், எதைப் படிக்காமலே கடந்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். இது அவர்கள் உங்களுக்குச் செய்துதரும் வேலை. அதற்குரிய ஊதியத்தையும் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.