மிதக்கும் மனிதனும் ரூஹும்

அன்புள்ள ஐயா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கிண்ணியாவில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். நனவு மூளையின் செயலே என்று உளவியல் நிறுவிவிட்டதால் முஸ்லிம் தத்துவ அறிஞர் இப்னு சீனாவின் 'மிதக்கும் மனிதன்' வாதம் இனிச் செல்லாது என்கிறார் என் உயர்தர மாணவர் ஒருவர். நாம் ரூஹு (உயிர்) என்பதும் அவர்கள் நனவு என்பதும் ஒன்றுதானா?

வாசகர், கிண்ணியா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஒரே கணத்தில் முழு வளர்ச்சியுடன் படைக்கப்பட்ட ஒருவன், பார்வை மறைக்கப்பட்டு, கைகால்கள் ஒன்றையொன்று தொடாதபடி விரிந்து, காற்று மோதுவதையும் உணராமல் அந்தரத்தில் மிதப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னார் இப்னு சீனா (980–1037). தனக்கு இதயமோ மூளையோ உண்டென்று அறியாத அவன், தான் இருப்பதை மட்டும் ஐயமின்றி அறிவான் என்பது அவர் வாதம். இதிலிருந்தே ஆன்மா வேறு, உடல் வேறு என்று முடிவுகட்டிவிட முடியும் என நான் கருதவில்லை. வாய்க்காலில் ஓடும் நீரைத் தினமும் காணும் தம்பலகாமத்துச் சிறுவன், அது கந்தளாய்க் குளத்து நீர் என்பதை அறியாதிருக்கலாம். அதனால் அது வேறு நீராகிவிடாது. இந்த அளவில் உங்கள் மாணவரின் ஐயம் நியாயமானது.

ஆயினும் வாதத்தின் உயிர்நிலை அதுவன்று. 'நான்' என்னும் உணர்வு, புலன்கள் தந்த செய்திகளிலிருந்து பின்னர் ஊகித்துப் பெறப்படுவதன்று, அவற்றுக்கு முந்தியது, உறங்குபவனிடமும் அறுபடாதது என்றார் அவர். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸும் 1890இல் நனவின் பண்புகளை வரிசைப்படுத்தியபோது, எண்ணம் எப்போதும் ஒருவருக்கு உரிய எண்ணமாகவே இருக்க முனைகிறது என்பதையே முதலில் வைத்தார். மயக்க மருந்தும் மூளைக் காயமும் நனவைக் குலைக்கின்றன என்பது உண்மை. அது நனவு மூளையைச் சார்ந்திருப்பதைக் காட்டுகிறதேயன்றி, மூளையின் செயல்களோடு அனுபவம் ஏன் சேர்ந்து வருகிறது என்று 1995இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் எழுப்பிய கேள்வியைத் தீர்க்கவில்லை. ஆகவே 'நிறுவிவிட்டது' என்பது அவசரச் சொல்.

ரூஹை நனவோடு ஒன்றாக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். இப்னு சீனாவிடம் தன்னை உணர்வது நஃப்ஸ் (ஆன்மா). அந்த உணர்வுக்கு அவர் இட்ட பெயர் 'ஷுஊர்'. இமாம் கஸ்ஸாலியோ (1058–1111) தம் 'இஹ்யா' என்னும் நூலில் ரூஹுக்கு இரண்டு பொருள் தருகிறார். இதயத்திலிருந்து நாளங்கள் வழியே உடலெங்கும் பரவும் நுண்பொருள் ஒன்று. அது மருத்துவர்கள் ஆராய்வது. மற்றது, 'ரூஹு என் இறைவனின் கட்டளையைச் சார்ந்தது' என்று குர்ஆன் (17:85) கூறுவது.

அதே நூலில் அவர் கல்பை (உள்ளத்தை) ஒரு குளத்துக்கு ஒப்பிடுகிறார்: ஐம்புலன்களாகிய ஆறுகள் அதில் நீரைக் கொண்டுவந்து சேர்க்கலாம், அல்லது அவற்றை அடைத்துவிட்டு, அடியைத் தோண்டி, தெளிந்த ஊற்றைக் காணலாம். கந்தளாய்க் குளத்தையும் கன்னியா வெந்நீரூற்றையும் பார்த்து வளர்ந்த உங்கள் மாணவருக்கு, மிதக்கும் மனிதனுக்கு முன்னால் இந்த உவமையைச் சொல்லுங்கள்.